மலையிலிருந்து வெயிலுக்கு இறங்கும் பயணம்: ரொட்டியா, புளிச்சோறா, பாணா?

சித்திரை விடுமுறை வந்தால் கீழே உள்ளவர்கள் குளிர் தேடி நுவரெலியாவுக்கு ஏறுகிறார்கள். மலையில் உள்ள குடும்பங்கள் கதிர்காமம், திருகோணமலை, கடற்கரை என்று இறங்குகின்றன. ஏறி வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை குறைவு. வெயிலில் கட்டியது குளிருக்குள் போகிறது. இறங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். விடியற்காலைக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு கட்டிய பொதி, மதியம் வெல்லவாயவில் 33 பாகை வெயிலில் திறக்கப்படுகிறது. தலவாக்கலையில் காலையில் சுட்டு இரவு வரைக்கும் வைத்துச் சாப்பிட்ட அதே தேங்காய் ரொட்டி, அங்கே நண்பகல் தாண்டுவதற்குள் புளிப்பு வாடை அடிக்கும்.

ஆகவே பொதி கட்டும்போது வீட்டு அடுப்படியின் குளிரை மறந்துவிட வேண்டும். எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறோம் என்பதுதான் கணக்கு. இங்கே தரும் அளவுகள் பெரியவர்கள் நால்வரும் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பத்துக்கு. காலை 5 மணிக்குப் புறப்பாடு, மதியம் 1 மணிக்குச் சாப்பாடு.

சமைத்த சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். ஈரமுள்ள இறைச்சி, முட்டை, பால், தேங்காய்ப்பால் கறி போன்றவை அந்த இடைவெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெறும் சோற்றுக்கும் இது பொருந்தும். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. "கொஞ்சம் சூடாக்கிச் சாப்பிட்டால் சரி" என்று வழியில் கடை அடுப்பைத் தேடுவதில் பயனில்லை.

ஒரு சாப்பாடு பயணத்துக்கு ஏற்றதா என்று பார்க்க மூன்று விடயங்கள் போதும்: ஈரம் எவ்வளவு, புளிப்பும் உப்பும் எவ்வளவு, வளைவில் வயிற்றைப் புரட்டுமா.

ரொட்டி

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலம் காலமாக மலைக்குக் கொண்டுபோகிற சாப்பாடு இது. மடித்துத் துணியில் சுற்றினால் கை கழுவ வசதியில்லாத இடத்திலும் சாப்பிடலாம். நீண்ட பயணத்துக்கு நமது முதல் தெரிவு ரொட்டிதான், ஆனால் தேங்காய் போடாத ரொட்டி.

1 கிலோ கோதுமை மாவுக்கு 3 மட்டத் தேக்கரண்டி உப்பு, 4 மேசைக்கரண்டி எண்ணெய், கை பொறுக்கும் சூட்டில் 550 முதல் 600 மில்லிலீற்றர் தண்ணீர். முதலில் எண்ணெயை மாவில் பிசிறிவிட்டுப் பிறகு தண்ணீரை ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஆறிய பிறகும் ரொட்டி தோல் மாதிரி இழுக்காது. 10 நிமிடம் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வைத்து, தேசிக்காயை விடச் சற்றுப் பெரிய உருண்டைகளாகப் பிடித்தால் 20 ரொட்டி வரும். பெரியவர்களுக்கு மூன்று, பிள்ளைகளுக்கு இரண்டு போக நான்கு மிஞ்சும். அந்த நான்கும் மாலைத் தேத்தண்ணிக்கு வேண்டும்.

பிழை நடப்பது இரண்டு இடத்தில். முதலாவது, அவசரத்தில் நெருப்பைக் கூட்டுவது. வெளியே கறுப்புப் புள்ளி விழுந்து உள்ளே மா பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை மாதான் முதலில் புளிக்கிறது. மெல்லியதாகத் தட்டி, நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு 2 நிமிடம் விட வேண்டும். இரண்டாவது, கல்லிலிருந்து எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டப்பாவை இறுக்கி மூடுவது. குளிர்ந்த காலையில் டப்பாவின் மூடி சில்லென்று இருக்கும், ரொட்டியின் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். மேலிருக்கும் மூன்று ரொட்டிகள் ஊறிப்போனால் வெயிலுக்கு இறங்கியதும் அவற்றிலிருந்துதான் வாடை தொடங்கும். சுத்தமான துணியில் தனித்தனியாகப் பரப்பி, ஒருமுறை திருப்பிப் போட்டு, 15 நிமிடம் ஆறிய பிறகு பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

தேங்காய் வாசனை இல்லாமல் ரொட்டி இறங்காது என்பவர்கள், கிலோவுக்கு அரைத் தேங்காயைத் துருவி வெறும் சட்டியில் பொன்னிறமாகும்வரை வறுத்துச் சேர்க்கலாம். ஈரம் போய்விடுவதால் பச்சைத் தேங்காயை விடத் தாங்கும். அப்படியிருந்தும் அதைக் காலைச் சாப்பாடாக 9, 10 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

புளிச்சோறு

சோறு இல்லாமல் மதியம் நகராத வீடுகளுக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடையாது. புளியும் உப்பும் எண்ணெயும் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் பிடித்திருப்பதால் கிருமிக்கு இடம் குறைகிறது. சரியாகச் செய்தால் காலை 4 மணிக்குக் கட்டியது மதியம் 1 மணிக்கு நன்றாக இருக்கும். தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, நெய்ச்சோறு எதற்கும் அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை.

700 கிராம் நாட்டரிசி எடுங்கள். புழுங்கல் அரிசி உதிராக நிற்கும். பச்சை அரிசி ஆறியதும் கட்டிபிடிக்கும், கட்டிக்குள் புளி போகாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. அதனால் அரிசி வேக நேரம் கூடும். நடுவில் விறைப்பாக நின்றுவிட்டதே என்று தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் சோறு குழைந்துவிடும். தண்ணீரைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பிரஷர் குக்கரில் வையுங்கள்.

புளிக்காய்ச்சலை முதல்நாள் இரவே முடித்துவிடலாம். 70 கிராம் பழப்புளியை ஒன்றரைக் கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து வடிக்கவும். 100 மில்லிலீற்றர் நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி கச்சான், 8 செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம் தாளித்து, கரைத்த புளியை ஊற்றி உப்புப் போட்டு, எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை வற்றவிட வேண்டும். 20 நிமிடமாவது ஆகும். எண்ணெய் பிரியாமல் இறக்கினால் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று பொருள். மறுநாள் சோறு பிசுபிசுப்பதற்கு அதுவே காரணம்.

காலையில் வடித்த சோற்றை அகலமான தட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் பரப்பி, 20 நிமிடம் ஆறவிட்டு, காய்ச்சலைக் கரண்டியால் கலக்கவும். கையால் பிசையக்கூடாது. கையிலிருந்து சேருகிற கிருமி, வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் வயிற்றுக்குத் தன் வேலையைக் காட்டிவிடும். சூடாகக் கட்டினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். மலைக்குளிர் நமக்குச் செய்கிற பெரிய உதவி, இந்தச் சோற்றை வேகமாக ஆற வைப்பதுதான். கீழ்நாட்டு வீட்டில் 20 நிமிடத்தில் இப்படி ஆறாது.

கட்டுவதற்கு வாட்டிய வாழையிலை சிறந்தது. நுவரெலியாப் பக்கத்தில் வாழை சரியாக வராது, சந்தைக்குக் கீழிருந்து வரும் இலையை முதல்நாளே வாங்கி ஈரத்துணியில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருப்பில் இலேசாக வாட்டும்போது இலை பளபளத்து வளைந்து கொடுக்கும். அதற்குமேல் வாட்டினால் கிழியும். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017இல் தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும் அதில் கட்டிய சோறு வியர்க்கும். இலை ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும்.

பாண்

மூன்றில் உழைப்பு மிகக் குறைந்தது, பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுவதும் இதுதான். பாண் வெயிலில் கெடுவதில்லை, அதற்குள் வைப்பதுதான் கெடுகிறது. அவித்த முட்டையை மயோனைஸில் பிசைந்து வைத்த சாண்ட்விச் எட்டு மணி நேரப் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம். நறுக்கிய தக்காளியும் லீக்ஸும் உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டுப் பாணை நனைக்கும். வீட்டில் சாண்ட்விச் செய்துகொண்டு போகாமல், முழுப் பாணாகவே கொண்டுபோவதுதான் நமது யோசனை. 3 இறாத்தல் பாண், ஒரு பல்வெட்டுக் கத்தி, ஒரு போத்தல் சீனிச்சம்பல். சாப்பிடும் இடத்தில் வெட்டிப் பூசிக்கொள்ளலாம். பாண் முதல்நாள் மாலை வாங்கியதாக இருக்கட்டும்; போறணைச் சூட்டோடு வாங்கிப் பையில் கட்டினால் மேல்தோல் ஈரமாகி நமுத்துவிடும்.

இட்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலைச் சாப்பாட்டுக்குச் சுகம், வளைவுகளிலும் வயிற்றைப் புரட்டாது. ஆனால் நுவரெலியாக் குளிரில் மா ஓர் இரவில் புளிப்பதில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் நேரம் எடுக்கும். பயணத்துக்கு முதல்நாள் அந்தச் சூதாட்டம் தேவையில்லை. தேங்காய்ச் சட்னியை எந்த நிலையிலும் கொண்டுபோகக்கூடாது.

தொட்டுக்கொள்ள எது?

தெரிவில் அதிகம் பிழைப்பது இங்கேதான். நல்ல ரொட்டி சுட்டு, கெட்டுப்போகும் சம்பலை வைத்துக் கட்டுகிறோம்.

பச்சைத் தேங்காய்ச் சம்பல் காலைச் சாப்பாட்டோடு சரி. துருவிய தேங்காய் வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் ஊசிவிடும், தேசிக்காய் பிழிந்தாலும் காப்பாற்ற முடியாது. கட்டைச்சம்பல் அதைவிடத் தாங்கும். செத்தல் மிளகாய், உப்பு, தேசிக்காய், மாசி எல்லாம் அதற்குத் துணை. அதில் உள்ள பச்சை வெங்காயம்தான் பலவீனம். மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

சீனிச்சம்பலுக்குத்தான் முதல் இடம். ரொட்டி, பாண் இரண்டுக்கும் சேரும். 1 கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, 150 மில்லிலீற்றர் எண்ணெயில் சிறு நெருப்பில் முக்கால் மணி நேரம் வதக்குங்கள். வெங்காயம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் பழுப்பாக வரும்போது 3 மேசைக்கரண்டி இடித்த மிளகாய், நெல்லிக்காயளவு புளியின் கெட்டிக் கரைசல், மாசித்தூள், உப்பு, கடைசியில் 2 மேசைக்கரண்டி சீனி. சீனியை முன்னாலே போட்டால் அது கருகி, வெங்காயம் வேகாமலே நிறம் மாறி ஏமாற்றும். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஆறிய பின் போட்டால் இரண்டு நாள் பயணத்துக்கும் தாங்கும். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். கதிர்காமத்துக்கு விரதத்தோடு போகிறவர்கள் மாசியை விட்டுவிட்டுச் செய்யலாம், சுவை குறையும், ஆயுள் குறையாது.

மற்றபடி, மொறுமொறுவென்று பொரித்த நெத்தலிக் கருவாடு நல்ல துணை. உருளைக்கிழங்கைத் தண்ணீரில்லாமல் மிளகாயும் பெரிய சீரகமும் போட்டுப் பிரட்டினால் மதியம்வரை தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட எந்தக் கறியும் வேண்டாம், கோழிக்கறியும் வேண்டாம். அவித்த முட்டையைக் கோதோடு கொண்டுபோய் காலைச் சாப்பாட்டிலேயே முடித்துவிடுங்கள்.

வளைவும் நொறுக்குத் தீனியும்

மலையிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் வளைவுதான். றம்பொடைப் பக்கம், பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய, மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு, எல்லாமே பிள்ளைகளின் வயிற்றைச் சோதிப்பவை. பால் தேத்தண்ணியும் எண்ணெய்ப் பலகாரமும் கொடுத்து வேனில் ஏற்றினால் பாதி வழியில் நிறுத்த வேண்டிவரும். வெறும் வயிறும் சரிவராது. இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன் இரண்டு கிரீம் கிரேக்கர், அல்லது அரை ரொட்டி, ஒரு வாய் பிளேன்டீ. வளைவில் இருக்கும்போது ஓர் இஞ்சித் துண்டு, அல்லது உப்புத் தடவிய புளி. உண்மையான காலைச் சாப்பாடு கீழே தரை சமமான பிறகு.

நொறுக்குத் தீனியில் உலர்ந்தவைக்கே முதலிடம்: முறுக்கு, வறுத்த கச்சான், எள்ளுருண்டை, மாரி பிஸ்கட். கிரீம் பிஸ்கட்டும் சொக்லேட்டும் உருகிப் பையெல்லாம் அப்பும். அவித்த கடலைக்குத் தேங்காய்ச் சொட்டுப் போடாமல், கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து உலர எடுத்தால் காலை 10 மணிவரை கொறிக்கலாம். உப்புப் பலகாரத்தை மட்டும் அடுக்காதீர்கள், தாகம் கூடித் தண்ணீர் தீர்ந்துவிடும். நுவரெலியாக் கரட்டைக் கழுவித் துடைத்து முழுதாக எடுத்துப் போனால் தாகத்துக்கும் வாய்க்கும் நல்லது. பேரிக்காயும் தோடம்பழமும் அப்படியே. எந்தப் பழத்தையும் வீட்டில் வெட்டிக்கொண்டு போகக்கூடாது. தோல் இருக்கும்வரை அது மூடிய பொதி. வத்தகப்பழத்தைக் கீழே வாங்குங்கள், மேலேயிருந்து சுமப்பதில் அர்த்தமில்லை.

குடிக்க

குளிரில் பழகிய உடம்பு தாகத்தைத் தாமதமாகத்தான் சொல்கிறது. வெயிலில் இறங்கும் நாளில் பெரியவர் ஒருவருக்கு 3 லீற்றர், பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் என்று கணக்கிட்டு, மணிக்கொருமுறை கேட்காமலே கொடுக்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் பாதி, உறைய வைத்த போத்தல் பாதி. உறைய வைக்கும் போத்தலை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள், ஐஸ் பெருத்து வெடிக்காமல் இருக்க. ஒன்றரை லீற்றர் ஐஸ் போத்தல் இரண்டை ரெஜிபோம் பெட்டிக்குள் சாப்பாட்டுக்கு மேலே வைத்தால் குளிர் கீழே இறங்கும். உருக உருகக் குடிக்கலாம்.

பிளாஸ்கில் பால் தேத்தண்ணி நான்கைந்து மணி நேரத்தில் வாசனை மாறும். பிளேன்டீ நாள் முழுக்க நிற்கும், இலையை நன்றாக வடித்துவிட்டால் கசக்காது. தேசிக்காய்த் தண்ணீரை வீட்டில் கரைத்தால் மதியம் கசந்துவிடும். தேசிக்காய், சீனி, உப்பு மூன்றையும் தனித்தனியே கொண்டுபோய், 1 லீற்றருக்கு 2 தேசிக்காய், 3 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு என்று அங்கேயே கலக்குங்கள். பையில் இரண்டு ஜீவனிப் பைக்கற்று கட்டாயம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஒரு பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரைப் பைக்கற்று, ஒரு கோப்பைத் தண்ணீர் என்று கண் மதிப்பில் கரைத்தால் உப்பின் அளவு பிழைக்கும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். வீதியோரத் தெம்பிலிக்கு ஈடில்லை. கண் முன்னே வெட்டச் சொல்லி உடனே குடிக்க வேண்டும்.

எந்தப் பயணத்துக்கு எது

உலக முடிவு, ஹக்கலைப் பூங்கா, அப்புத்தளை என்று உயரத்திலேயே தங்கும் நாளென்றால் இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம். தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் அங்கே மதியம்வரை அருமையாக இருக்கும். ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைப் பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றச் சொல்வார்கள், பிஸ்கட்டை வீட்டிலேயே டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கதிர்காமம், திருகோணமலை போன்ற நீண்ட பயணத்துக்கு வேனில் போகும் குடும்பம் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டட்டும், தேங்காய் போடாத ரொட்டியும் சீனிச்சம்பலும் மாலைக்கு. நிழலும் தண்ணீரும் பார்த்து நிறுத்த முடியும், கை கழுவ முடியும் என்பதால் சோறு சரிவரும். கோச்சியிலோ பஸ்ஸிலோ போனால் சோற்றுப் பொதியை மடியில் பிரிப்பது கஷ்டம், கை கழுவவும் வழியில்லை. அங்கே ரொட்டிதான், வீட்டிலேயே சீனிச்சம்பலைப் பூசிச் சுருட்டித் தாளில் தனித்தனியாகச் சுற்றிவிடுங்கள். சமைக்க நேரமே இல்லை, இரவு வேலை முடிந்து அதிகாலை புறப்பாடு என்றால் தயங்காமல் பாண்.

வாகனத்தில் வைக்கும் இடமும் முக்கியம். வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் சூடு 45 பாகையைத் தாண்டும். பின் கண்ணாடிக்கு அடியில் சாப்பாட்டை வைப்பது, அதைத் திரும்ப அடுப்பில் வைப்பதற்குச் சமம். முன் ஆசனத்துக்கு அடியில் இன்ஜின் உள்ள வேன்களில் அந்தத் தரையிலும் வைக்க வேண்டாம். நடு ஆசனத்தின் கீழே, வெயில் படாத பக்கத்தில் வையுங்கள். நீர்வீழ்ச்சிகளுக்குப் பக்கத்தில் இறங்கும்போது பையைத் திறந்து வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும். புத்தல–கதிர்காமம் வீதியில் காட்டு யானைகள் வாகனத்தை மறிக்கும். வாழைக்குலையையும் பழத்தையும் கண்ணில் படாமல் மூடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போங்கள். கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருகிற வாகனத்துக்கு ஆபத்து.

நுவரெலியாவில் இறுக்கி மூடிய டப்பா கீழே போனதும் திறக்க மறுக்கும். மலையின் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்திப் பிடிக்கிறது, தண்ணீர்ப் போத்தலும் நசுங்குகிறது. கரண்டிக் காம்பால் மூடியின் ஓரத்தை ஓரிடத்தில் நெம்பிக் காற்றை உள்ளே விட்டால் போதும். திரும்பி ஏறும்போது எதிர்மாறாக நடக்கும்: கீழே மூடிய சோடாவை மேலே திறந்தால் பீறிடும், பொரியல் பைக்கற்றுகள் ஊதி நிற்கும், அவற்றை மூட்டைக்கு அடியில் அழுத்தி வைக்கக்கூடாது.

மாலை 3 மணிக்கு மிஞ்சிய புளிச்சோற்றைப் பார்த்து மனம் வருந்தினாலும் கொட்டிவிடுங்கள், இரவுக்கு வைக்க வேண்டாம். ரொட்டி மிஞ்சினால் வைக்கலாம். வீதியோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கினால், ஐஸ் உருகிக் காலியான ரெஜிபோம் பெட்டிக்குள் அதை நிமிர்த்தி வைத்து, ரொட்டி சுற்றி வந்த துணியைச் சுற்றிலும் அடையுங்கள். வளைவுகளில் சாயாமல் வீடு வந்து சேரும்.